சட்ரீ ஏன் வீட்டை விட்டுப் போனான்?

அமெரிக்க எழுத்தாளர் கார்மக் மெக்கார்த்தியின் 'சட்ரீ' நாவலை நூறு பக்கம் போலப் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டேன் என்கிறீர்கள். உங்கள் கேள்வி இதுதான்: வசதியான வீட்டுப் பையன், படித்தவன், மனைவி பிள்ளை உள்ளவன், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆற்றில் ஓர் ஓட்டைப் படகுவீட்டில் மீன் பிடித்துக்கொண்டு குடிகாரர்கள் நடுவே கிடக்கிறான், ஏன் இப்படி ஆனான் என்று ஆசிரியர் ஓர் இடத்திலும் உட்கார்ந்து சொல்லவில்லையே, இது நாவலின் குறையா, இல்லை எனக்குத்தான் எட்டவில்லையா? கூடவே, இது நம் பட்டினத்தார் கதை மாதிரித்தானே என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

குறை இல்லை, உங்கள் மேலும் தப்பில்லை. நானும் முதல் தடவை கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நின்றேன். காரணம் எங்கோ ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது, பின்னால் ஒரு பெரிய ரகசியம் அவிழும் என்று காத்திருந்தேன். அப்படி எதுவும் அவிழாது. ஆனால் தொடக்கத்திலேயே ஒரு கடிதம் வருகிறது பாருங்கள், சட்ரீயின் அப்பா கடைசியாக எழுதிய கடிதம். அவனுக்கு அது நினைவுக்கு வருகிற மாதிரி நாலைந்து வரியில் வந்து போய்விடும். என் புரிதலில் மொத்த நாவலும் அந்த நாலைந்து வரிக்கு எழுதிய பதில்.

கடிதத்தில் அப்பா என்ன சொல்கிறார்? உலகத்தை நடத்துவது, அதை நடத்தும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளத் தயாரானவர்கள்தான் என்கிறார். வாழ்க்கையை இழக்கிறாய் என்று உனக்குத் தோன்றினால் அது எங்கே கிடைக்கும் என்று நான் சொல்கிறேன், நீதிமன்றத்தில், வியாபாரத்தில், அரசாங்கத்தில் கிடைக்கும், தெருவில் ஒன்றுமே நடப்பதில்லை, அங்கே இருப்பது கையாலாகாதவர்கள் ஆடுகிற ஊமைக்கூத்துதான் என்கிறார். மிரட்டவில்லை, திட்டவில்லை, நிதானமாகச் சொல்கிறார், அதனால்தான் அது அவ்வளவு கொடுமையாக இருக்கிறது. இதற்கு மகன் நேராகப் பதில் எழுதுவதில்லை. தெருவில் ஒன்றும் நடப்பதில்லை என்று சொன்ன மனிதருக்கு, 470 பக்கத்துக்கு மேல், தெருவில் என்னென்ன நடக்கிறது என்று நாவல் காட்டிக்கொண்டே போகிறது. இதைப் பிடித்துக்கொண்டால், கதையே நகரவில்லை, யார் யாரோ வருகிறார்கள் போகிறார்கள் என்று உங்களுக்கு வந்த சலிப்பு வேறு மாதிரி மாறிவிடும். அந்த யார் யாரோதான் பதில்.

கடிதத்தை அடுத்து அம்மாவின் சகோதரர் ஜான் படகுவீட்டுக்கு வருவார், அதையும் திரும்பப் படித்துப் பாருங்கள். ஜான் ஒரு குடிகாரர், பாசமாகத்தான் வருகிறார், ஆனால் சட்ரீ அவரிடம் ஈவிரக்கமில்லாமல் பேசுவான். அங்கே ஒரு விஷயம் வெளியே வரும். அப்பா தன் அந்தஸ்துக்குக் கீழே கல்யாணம் செய்துகொண்டவர். கீழே கட்டிக்கொண்டால் பிறக்கிற பிள்ளைகளும் கீழேதான் என்கிறான் சட்ரீ. இதை நாம் சட்டென்று புரிந்துகொள்வோம், நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே தன் அம்மாவும் அம்மா வழிச் சொந்தமும் ஒரு படி கீழே வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, எந்தப் பக்கம் கீழே என்று ஒதுக்கப்பட்டதோ அந்தப் பக்கமே போய் நின்றுகொள்கிறான். ஆனால் இதிலும் ஒரு முரண் உண்டு, அம்மா பக்கத்து மனிதரான ஜானையே அவன் பொறுத்துக்கொள்வதில்லை. ஜானின் முகத்தில் தன் முகத்தைப் பார்க்கிறான் என்பது எனக்கு இரண்டாம் தடவைதான் உறைத்தது.

அப்புறம் அந்த இரட்டைப் பிள்ளை. சட்ரீயோடு கருவில் இருந்த சகோதரன் செத்துப் பிறந்துவிட்டான். நான் ஏன் பிழைத்தேன், அவன் ஏன் போனான் என்ற கேள்வி இவனை விடவே இல்லை. நாவல் தொடங்கியதும் ஆற்றில் குதித்துச் செத்த ஒருவரின் உடலைக் கொக்கி போட்டு இழுப்பார்கள், செத்தவரின் கைக்கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருப்பதை சட்ரீ கவனிப்பான். அந்த ஒரு கடிகாரத்தில் அவன் பயம் முழுக்க இருக்கிறது. சாவு எப்படியும் வரப்போகிறது என்று சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டவனுக்கு, நீதிமன்றமும் வியாபாரமும் வாழ்க்கை என்று அப்பா சொல்வது எப்படி ஏறும்?

இந்த மூன்றையும், கடிதம், தாய்வழி, இரட்டைப் பிள்ளை, ஒன்றாகக் கூட்டினால் 'அதனால் வீட்டை விட்டான்' என்று ஒரு விடை வந்துவிடுமா என்றால் வராது. இவ்வளவும் இருந்தும் வீட்டிலேயே இருந்து வக்கீலானவர்கள் ஆயிரம் பேர் உண்டு. ஆசிரியருக்கு அது தெரியும், அதனால்தான் கூட்டிக் காட்டாமல் விடுகிறார்.

சரி, பட்டினத்தார். வீடு, பணம், குடும்பம் எல்லாவற்றையும் விட்டவன் என்றாலே நம் மனதில் துறவு என்ற சொல் வந்து நின்றுவிடுகிறது, அதை வைத்து இந்த நாவலைப் படித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் ஏமாற்றம்தான். சட்ரீ குடிக்கிறான், மண்டை உடைகிற அளவுக்கு அடிதடியில் மாட்டுகிறான், பெண்களோடு இருக்கிறான், கையில் காசு வந்தால் செலவழிக்கிறான். ஞானம் தேடியும் அவன் போகவில்லை. துறவி பந்தத்தை அறுக்கிறார், இவனுக்கோ ஆற்றங்கரைக்கு வந்தபிறகு பந்தம் கூடிக்கொண்டே போகிறது. வீட்டில் நாலு பேருக்குப் பொறுப்பாக இருக்க மறுத்தவன் இங்கே நாற்பது பேருக்கு ஓடுகிறான், கிழவர்களைப் போய்ப் பார்க்கிறான், காணாமல் போனவனைத் தேடுகிறான், அரை மனதோடு பிணத்தைக்கூட ஒளித்துக் கொடுக்கிறான் (லெனர்ட் என்ற ஒருவன், செத்துப்போன அப்பாவின் பேரில் வரும் உதவித்தொகை நின்றுவிடக் கூடாதென்று உடலை வீட்டிலேயே வைத்திருந்து, கடைசியில் நாற்றம் தாங்காமல் இவனிடம் வருவான். சங்கிலி சுற்றி ஆற்றில் இறக்குகிறார்கள், அது பிறகு மிதந்து வந்துவிடுகிறது).

ஆனால் ஓர் இடத்தில் பட்டினத்தார் எனக்கும் நினைவுக்கு வந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். எல்லாம் விட்ட பட்டினத்தார், தாயின் உடலுக்குத் தீ வைக்கத் திரும்பி வந்தார் என்பது நம் வழக்கில் உள்ள கதை. சட்ரீயும் ஒரு சாவுக்குத் திரும்பிப் போகிறான், தன் சின்ன மகனின் சாவுக்கு. நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் அது வரும்.

செய்தி வந்ததும் மனைவியின் ஊருக்குப் போகிறான். மாமியார் அவன் மேல் பாய்ந்து விரலைக் கடிக்கிறார், மாமனார் துப்பாக்கியோடு வருகிறார். அவர்களைத் தப்பு சொல்ல முடியுமா? பெண்ணையும் குழந்தையையும் விட்டுவிட்டு ஓடியவன், குழந்தை செத்த அன்றைக்கு வந்து நிற்கிறான். அடக்கம் நடக்கும்போது அவன் பக்கத்தில் போவதில்லை, தள்ளி நின்று பார்க்கிறான். எல்லோரும் போன பிறகு குழிக்கு வந்து, மண்வெட்டியை வாங்கி, தானே மண்ணைத் தள்ள ஆரம்பிக்கிறான். டிராக்டர் வருகிறது, அதை வைத்து மூடிவிடலாம் என்கிறார்கள், இவன் கேட்பதில்லை. அந்தப் பக்கங்களில் ஒரு வரி அழுகை கிடையாது, மண் விழுகிறது, விழுகிறது, அவ்வளவுதான். நான் படித்த நாவல்களில் ஓர் அப்பா தன் தவறைச் சுமக்கும் இடம் இதைவிடக் கனமாக எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு அந்த ஊர் ஷெரிஃப் அவனை ஏற்றிக்கொண்டு போய், கையில் 5 டாலர் கொடுத்து, ஊரை விட்டுப் போ, திரும்பி வராதே என்கிறார். பேச்சு வாக்கில் சட்ரீ, இதெல்லாம் முக்கியமில்லை என்பது போல ஏதோ சொல்கிறான். ஷெரிஃப் விடுவதில்லை, எல்லாமே முக்கியம்தான், மனிதன் வாழ்கிறான் என்றால் அதை முக்கியமாக ஆக்கிக்கொள்ள வேண்டியது அவன்தான் என்ற பொருளில் பதில் சொல்கிறார். பொறுப்பைப் பற்றி அப்பா எழுதியதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்பாவின் பொறுப்பு மேலே உட்கார்ந்து உலகத்தை நடத்துவது. ஷெரிஃப் சொல்வது வேறு பொறுப்பு, சட்ரீயால் மறுத்துப் பேச முடியாத பொறுப்பு. வீட்டை விட்டது சரியா என்று நாவல் தீர்ப்பு சொல்வதில்லை, ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை இந்த இடத்தில் மறைக்காமல் வைத்துவிடுகிறது. இதேபோல வேலைச் சிறையில் அவன் இருக்கும்போது அம்மா பார்க்க வருகிற இடமும் உண்டு, ஒரு பக்கம்தான், அம்மாவைப் பார்த்ததும் உடைந்து அழுது, பேச முடியாமல் எழுந்து போய்விடுவான்.

தெருவில் என்ன நடக்கிறது என்றேன் அல்லவா, அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம். கதை 1950களின் முதல் பாதியில், டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரத்தில் நடக்கிறது. டென்னசி ஆறு, அதன் மேல் பாலங்கள், மெக்கனாலி ஃப்ளாட்ஸ் என்ற ஏழைக் குடியிருப்பு, சந்தை, சாராயக் கடைகள். சட்ரீ ஆற்றில் நீளமாகக் கயிறு கட்டி அதில் வரிசையாகத் தூண்டில் முள் தொங்கவிட்டு, காலையில் படகில் போய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, கெளுத்தியும் கெண்டையும் கொண்டுபோய் விற்கிறான். ஆறு அழகாக இருக்காது, சாக்கடையும் குப்பையும் செத்த பிராணிகளும் மிதக்கும். இவை எல்லாம் மெக்கார்த்தி கண்ணால் பார்த்தவை. 1933இல் ரோட் ஐலண்டில் பிறந்தவர், 4 வயதில் நாக்ஸ்வில் வந்தவர், அவருடைய அப்பா டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தில் வக்கீல். அணைகள் கட்டி அந்த ஆற்றையே மாற்றிய அரசு அமைப்பு அது. 1943இல் முடிந்த ஃபோர்ட் லவுடன் அணையின் நீர்த்தேக்கம் நாக்ஸ்வில் வரை வருகிறது. அதாவது அப்பாவின் அலுவலகம் தேக்கி வைத்த தண்ணீரில்தான் மகன் எழுதிய பாத்திரம் மீன் பிடிக்கிறது. நாவல் இதைச் சொல்லிக் காட்டுவதில்லை, ஆனால் தெரிந்துகொண்டு படித்தால் 'உலகத்தை நடத்துபவர்கள்' என்ற சொல்லுக்கு இன்னொரு எடை வரும்.

மெக்கார்த்தியும் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர், முதல் திருமணமும் ஒரு மகனும் இருந்து பிரிந்தவர், ஐம்பது வயதை நெருங்கும் வரை பணமில்லாமல் இருந்தவர். 2,000 டாலர் தருகிறோம், வந்து பேசுங்கள் என்று பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டால், சொல்ல வேண்டியதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது என்று மறுத்துவிடுவார், நாங்கள் இன்னொரு வாரம் பீன்ஸ் சாப்பிடுவோம் என்று அவருடைய இரண்டாவது மனைவி பிற்காலத்தில் சொன்னார். இந்த நாவலைச் சுமார் இருபது வருடம் விட்டு விட்டு எழுதி 1979இல் வெளியிட்டார். ஆனால் சட்ரீதான் மெக்கார்த்தி என்று முடிச்சுப் போட்டுவிடாதீர்கள், எழுதிய மனிதர் அந்த இருபது வருடமும் மேசை முன் உட்கார்ந்து வேலை செய்தவர், சட்ரீ எந்த வேலையிலும் நிற்காதவன்.

அந்தத் தெருவில் யார் யார்? நீங்கள் பாதியில் விட்டதால் உங்களுக்கு முழுதாகக் கிடைக்காமல் போனவன் ஹாரகேட். தர்பூசணித் தோட்டத்தில் செய்யக் கூடாததைச் செய்து சிறைக்கு வந்த அந்தக் கிராமத்துப் பொடியன்தான், விடுதலையானதும் நகரத்துக்கு வந்து பாலத்தின் அடியில் குடியேறுகிறான், பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டம் போடுகிறான். வெறிநோய் பிடித்த வௌவாலுக்கு அரசு காசு கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, விஷம் தடவிய இறைச்சியைக் கவணில் வைத்து வானத்தில் அடித்து, ஒரு பை நிறைய வௌவால் கொண்டுபோய்க் கொடுக்கிறான், மருத்துவர் அதிர்ந்துபோய் எப்படிச் செய்தாய் என்று விசாரித்து, சில்லறை கொடுத்து அனுப்புகிறார். நகரத்துக்கு அடியில் உள்ள குகைகள் வழியாகப் போய் வங்கிப் பெட்டகத்தை உடைக்கலாம் என்று வெடி வைக்கிறான், உடைவது சாக்கடைக் குழாய். சட்ரீ நாள்கணக்காக இருட்டில் அவனைத் தேடி அலைகிறான். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும், ஆனால் அந்தப் பையனைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, சட்ரீ ஒருவனைத் தவிர, என்பதும் கூடவே தெரியும். கடைசியில் அவன் மறுபடி சிறைக்குத்தான் போகிறான்.

ஏப் ஜோன்ஸ் வேறு மாதிரி. பிரம்மாண்டமான கறுப்பின மனிதர், படகில் சாராயக் கடை வைத்திருக்கிறார், போலீஸ்காரர்கள் அடித்தால் திருப்பி அடிக்கிறவர், அதனால் திரும்பத் திரும்ப அடிபடுகிறவர். கடைசியில் அந்த அடிகளிலேயே போய்ச் சேர்கிறார். சட்ரீ ஒரு போலீஸ் காரைத் திருடி ஆற்றுக்குள் இறக்கிவிடுகிறான். அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். இங்கேதான் 'தேர்ந்தெடுப்பது' என்ற சொல்லை நாம் கவனமாகக் கையாள வேண்டும். சட்ரீ தேர்ந்தெடுத்தான். ஏப் ஜோன்ஸ் தேர்ந்தெடுக்கவில்லை, ஹாரகேட் தேர்ந்தெடுக்கவில்லை. சட்ரீக்குத் திரும்பிப் போக வழி எப்போதும் இருக்கிறது, முதல் பக்கங்களிலேயே நண்பன் ஜோ வந்து துணிக்கடையில் ஆண்கள் செருப்புப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள், போகிறாயா என்று கேட்கிறான். வெள்ளைத்தோல், படிப்பு, குடும்பப் பெயர் எல்லாம் அவனிடம் இருக்கின்றன. வறுமையை அழகு என்று பாடுகிற புத்தகம் இது என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், குளிரில் விறைத்துச் சாவதையும் பசியில் நடுங்குவதையும் இவ்வளவு விவரமாக எழுதிய ஒருவர் அழகுக்காக எழுதியிருக்க முடியாது.

பாலத்தடியில் குப்பை பொறுக்கி வாழும் கிழவர் ஒருவர் வருவார். செத்த பிறகு கடவுளைப் பார்த்தால், என்னைக் கேட்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன், கீழே அந்தச் சூதாட்டத்தில் என்னை எதற்கு உட்கார வைத்தாய், ஒன்றும் விளங்கவில்லையே என்று கேட்பேன் என்பார். கடவுள் என்ன சொல்வார் என்கிறான் சட்ரீ. பதில் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை என்பார் கிழவர். ஒருநாள் போய்ப் பார்த்தால் கிழவர் செத்துக் கிடக்கிறார். சட்ரீக்கு வருத்தத்தைவிடக் கோபம் வருகிறது, இப்படி மனிதர்களின் சார்பாக நிற்க உனக்கு உரிமை இல்லை, ஒரு மனிதன் எல்லா மனிதனும்தான் என்று பிணத்தோடு சண்டை போடுகிறான். தெருவில் ஊமைக்கூத்துதான் என்று சொன்ன அப்பாவுக்கு இதைவிட நேரான பதில் நாவலில் இல்லை.

நடுவில் இரண்டு தடவை வேறு வாழ்க்கை முயல்கிறான், இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நீங்களே படிக்க வேண்டிய இடங்கள். முத்துக் கிடைக்கும் என்று ஒரு குடும்பத்தோடு ஆற்றுச் சிப்பி எடுக்கப் போகிறான், அங்கே ஒரு சின்னப் பெண்ணோடு உறவாகிறது, பாறைச் சரிவில் அவள் இறந்துபோகிறாள். பிறகு ஜாய்ஸ் என்ற பெண்ணோடு, அவள் உடலை விற்றுச் சம்பாதித்த காசில், வீடு, நல்ல துணி, ஜாகுவார் கார் என்று வாழ்கிறான், அதுவும் கண்ணாடி நொறுங்கி முடிகிறது. வசதியை வேண்டாம் என்று வந்தவன் வசதி கிடைத்ததும் அதில் உட்கார்ந்துகொள்கிறான் என்பதை ஆசிரியர் மறைக்காமல் எழுதியிருக்கிறார், எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

டைபாய்டில் சாகக் கிடந்து நண்பன் ஜே-போன் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைத்த பிறகு சட்ரீ சொல்வது ஒன்றுதான்: இருப்பது ஒரே சட்ரீ, ஒருவன் மட்டும்தான் என்று தெரிந்துகொண்டேன் என்கிறான். செத்துப் பிறந்த அந்த இன்னொருவனை அவன் அப்போதுதான் இறக்கி வைக்கிறான் என்று எடுத்துக்கொள்கிறேன். படகுவீட்டுக்குத் திரும்பினால் அவன் படுக்கையில் யாரோ ஒருவரின் அழுகிய பிணம் கிடக்கிறது. மெக்கனாலி ஃப்ளாட்ஸை விரைவுச் சாலைக்காக இடித்துக்கொண்டிருக்கிறார்கள். தாயத்து மாதிரி வைத்திருந்ததையெல்லாம் கழித்துவிட்டு, நெஞ்சை மட்டும் வைத்துக்கொண்டு சாலை ஓரத்தில் நிற்கிறான். சாலை வேலை செய்பவர்களுக்குத் தண்ணீர் சுமக்கும் ஒரு பையன் கேட்காமலே வந்து இவனுக்கும் ஒரு குவளை தருகிறான். ஒரு கார், இவன் கை காட்டாமலே, நிற்கிறது.

மறுபடி எடுக்கும்போது, சாய்ந்த எழுத்தில் வரும் அந்த முகவுரையைத் தாண்டிவிடுங்கள், கடைசியில் படித்துக்கொள்ளலாம். அகராதியையும் மூடி வையுங்கள். ஒரு பக்கம் முழுக்கப் புரியாத சொற்களாக வரும், அதன் நடுவே சாராயக் கடைப் பேச்சு அப்படியே வரும், வசதியான வீடும் பள்ளிக்கூடமும் தந்த இங்கிலீஷையெல்லாம் மெக்கார்த்தி இந்த மனிதர்களுக்காகக் கொட்டியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தால் அது ஓடும். அப்பாவின் கடிதத்தையும் ஜான் வருகையையும் மட்டும் திரும்பப் பார்த்துவிட்டு, மகனின் அடக்கம் வரை போங்கள். அதற்கு அப்புறமும் ஒட்டவில்லை என்றால் எழுதுங்கள், பேசுவோம்.